மூடிவைத்த கும்மட்டம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் அந்த ஐடி கட்டடத்தின் நான்காவது மாடியைப் பெருக்கித் துடைப்பது அஞ்சலையின் வேலை. வயது ஐம்பத்து நான்கு. இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்பு இருபத்தைந்து வருஷம் சித்தாள். அயனம்பாக்கத்திலிருந்து ஆவடி வரைக்கும் எழுந்து நிற்கிற அடுக்குமாடிகளில் பத்துப் பன்னிரண்டுக்காவது அவள் செங்கல் சுமந்திருப்பாள். கட்டி முடித்த பிறகு அவற்றில் ஒன்றுக்குள்ளும் அவள் போனதில்லை. கேட்டில் செக்யூரிட்டி வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அது யாருடைய வீடோ ஆகிவிடும். அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை. ஒரே ஒரு கட்டடத்தைத் தவிர.

ஒரு வியாழக்கிழமை, பேன்ட்ரியில் காபி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரேஷ்மா வந்து சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டினாள். ரேஷ்மாவுக்கு இருபத்தெட்டு வயது, எச்.ஆர். பிரிவில் வேலை. பூந்தமல்லியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவள். காகிதத்தில் ஒரு படம் இருந்தது. அதைப் பார்த்ததும் அஞ்சலையின் கை நின்றுவிட்டது.

"இது பூந்தமல்லி சந்தைக்குப் பின்னால கீற பள்ளிவாசல்தானே, ரேஷ்மாம்மா?"

"ஆமாக்கா. எங்க தெருப் பள்ளிதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னா எழுதிக்கீது?"

"வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணியிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் யாரு வேணாலும் உள்ள வந்து பார்க்கலாம். எல்லா மதத்துக்காரங்களும். ரொம்பப் பழைய கட்டடம்க்கா அது. சுல்தான்கள் காலத்துல கட்டினதுன்னு சொல்வாங்க."

"பொம்பளைங்களும் வர்லாமா?"

"தாராளமா."

"உள்ளயே? அந்தக் கும்மட்டத்துக்கு அடியில வரைக்கும்?"

ரேஷ்மா சிரித்தாள். "உள்ளயேதான். நான்தான் வர்றவங்களுக்கெல்லாம் சர்பத் குடுக்கப்போறேன். வாங்க."

அஞ்சலை மறுபடி மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு இருபத்திரண்டு வயதில், அந்தப் பள்ளிவாசலில் மராமத்து நடந்தது. கூரையின் உருண்டைக் கும்மட்டத்தில் விரிசல் விட்டு மழைத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்குக் கலவை சுமக்க சேக்காட்டிலிருந்து ஐந்து பெண்கள் போனார்கள். அஞ்சலை அவர்களில் ஒருத்தி. வேலை நடக்கும் வரைக்கும் முற்றத்தில் ஓலைக் கொட்டகை போட்டு அங்கேதான் தொழுகை. உள்ளே முழுக்கச் சாரம் கட்டியிருந்தது. தலையில் பாண்டுச் சட்டியுடன் ஏணி ஏணியாக ஏறி, கும்மட்டத்தின் வயிற்றைக் கையால் தொடுகிற உயரம் வரைக்கும் அவள் போய் வந்துகொண்டிருந்தாள்.

அந்த வேலைக்குச் சேர்வதற்குப் பதினேழு நாள் முன்னால் அவளுடைய முதல் குழந்தை செத்துப்போயிருந்தது. பெண் குழந்தை. எட்டு மாதம். காய்ச்சல் என்று படுத்தது. மூன்றாம் நாள் இல்லை. வீட்டில் மாமியார் அவளை அழ விடவில்லை. "அழுதுகினே கெடந்தின்னா அடுத்தது தங்காது" என்று சொல்லிவிட்டார். குழந்தையின் துணிமணியை எல்லாம் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புருஷன் கஜபதி சென்ட்ரிங் வேலைக்காரன். அவனும் வாய் திறக்கவில்லை. காலையில் போவான், சாயங்காலம் வருவான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அந்த வீட்டில் குழந்தையின் பெயரை யாரும் சொல்லவில்லை. முதலில் சொல்லக் கூடாது என்று இருந்தது. பிறகு அதுவே பழகிவிட்டது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். மேலே மறந்து வைத்த சட்டியை எடுக்க அஞ்சலை சாரத்தில் ஏறினாள். உச்சிக்குப் போய் மூச்சு வாங்கியபோது, அந்த மூச்சு அவளைச் சுற்றி வந்தது. முதலில் பயந்துவிட்டாள். யாரோ பக்கத்தில் இருப்பது போல இருந்தது. பிறகு புரிந்தது, கும்மட்டம்தான்.

அவளுக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்தது: "சுதா."

கும்மட்டம் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கடைசி எழுத்தை இழுத்து, மெதுவாகத் திருப்பிக் கொடுத்தது. குழந்தை போன பிறகு வேறொரு குரல் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அஞ்சலை சாரப் பலகையில் படுத்துக்கொண்டு அழுதாள். அழுகையையும் அது வாங்கிக்கொண்டது.

அப்புறம் தினமும் மதியம் ஏறினாள். ஒரு மாதத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. ஒருநாள் இறங்கி வரும்போது பள்ளியின் மோதினார் மஸ்தான் பாய் கீழே நின்றுகொண்டிருந்தார். பாங்கு சொல்கிறவர், வெள்ளைத் தாடி, கையில் துடைப்பம். அஞ்சலை கடைசிப் படியிலேயே நின்றாள். வேலை போய்விடும் என்று நினைத்தாள்.

அவர் மேலே ஒருமுறை பார்த்தார். "பேசும்மா. அது யாருகிட்டயும் சொல்லாது" என்று மட்டும் சொல்லிவிட்டு முற்றத்தைப் பெருக்கப் போனார்.

நாலாவது மாதம் வேலை முடிந்தது. சாரத்தைப் பிரித்தார்கள். கடைசிக் குப்பைக் கூடையைச் சுமந்துகொண்டு வெளியே வந்தவள்தான். அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. என்ன சொல்லிப் போவது? பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கடைகளின் போர்டுகளுக்கு மேலே கும்மட்டத்தின் முதுகு தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். முன்பு முழுதாகத் தெரிந்தது. பிறகு ஒரு கல்யாண மண்டபம் வந்தது, பாதி தெரிந்தது. அப்புறம் செல்போன் கடைக்கு மூன்று மாடி எழும்பியது. இப்போது உச்சியிலிருக்கும் கலசம் மட்டும், அதுவும் பஸ் அந்தத் திருப்பத்தில் நின்றால் மட்டும் தெரியும். மஸ்தான் பாய் காலமாகிவிட்டார் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தாள். சுதாவுக்குப் பின்னால் ஒரு மகன் பிறந்து, வளர்ந்து, இப்போது ஒரகடத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். அவனுக்கு ஓர் அக்கா இருந்தது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே அஞ்சலை குளித்து, மகன் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கஜபதி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பு வலி வந்ததிலிருந்து அவன் வேலைக்குப் போவதில்லை.

"எங்க கெளம்பிட்ட?"

"பூந்தமல்லிக்கு. கூட வேல செய்ற பொண்ணு கூப்டுச்சு."

அவன் சேனலை மாற்றினான்.

பள்ளிவாசல் முற்றத்தில் இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் புது ஃப்ளாட்டுகளில் இருக்கிறவர்கள். பிள்ளைகளுடன் குடும்பம் குடும்பமாக. ரேஷ்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ரோஜா சர்பத் கொடுத்தாள். பள்ளியின் செயலாளர் கவுஸ் பாஷா, ஐம்பது வயதுக்காரர், முகப்பின் முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். முகப்பில் ஐந்து வளைவுகள். ஒவ்வொரு கல்தூணும் குட்டையாகவும் பருமனாகவும் இருந்தது. அதன் மேலிருந்து வளைவு எழும்பி, நடுவில் வெற்றிலை நுனி போலக் கூராகிச் சேர்ந்தது. கூரை விளிம்பில் சின்னச் சின்னதாகச் சுதை மொட்டுகள் வரிசை கட்டியிருந்தன. இரண்டு ஓரத்திலும் ஆள் உயரத்துக்கு இரண்டு மினார்கள்.

"சுவர் எவ்ளோ கனம் பாருங்க. ரெண்டரை அடி. வெளியில கொதிச்சாலும் உள்ள சில்லுன்னு இருக்கும்" என்றார் கவுஸ் பாஷா.

அஞ்சலை வளைவின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். பெயின்டுக்கு அடியிலும் அந்தச் சுண்ணாம்பு அவளுக்குத் தெரிந்தது. சிமென்ட் பூச்சு கையை அறுக்கும். இது அப்படியில்லை; நாள்பட்ட தேக்குக் கட்டையைத் தொடுவது மாதிரி வழவழப்பு. அன்று கலவையைப் புளிக்க வைத்த தொட்டியிலிருந்து வந்த கடுக்காய்த் தண்ணீரின் துவர்ப்பு வாசனை ஒரு நொடி மூக்கில் ஏறி இறங்கியது. அவள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கால் கழுவி, ரேஷ்மாவின் பின்னால் உள்ளே போனாள்.

உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தாள்.

கும்மட்டம் இல்லை.

தலைக்கு மேலே, ஒரு கொத்தனார் கை எட்டும் உயரத்துக்குச் சற்று மேல், தட்டையாக வெள்ளைப் பலகைகள் கட்டம் கட்டமாக ஓடின. அவள் துடைக்கும் நான்காவது மாடியில் இருப்பது போலவே அதே பலகைகள், அதே சதுர விளக்குகள். நாலு மூலையிலும் ஏசி காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அஞ்சலை ஓரிடத்திலேயே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வேறு பள்ளிவாசலுக்கு வந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் எதிர்ச் சுவரில் அதே மாடம், அதே சுதைக் கொடி.

"அக்கா, என்னாச்சு? உக்காருங்க."

"கும்மட்டத்த இன்னா பண்ணீங்க?" அவள் குரல் உரக்கவே வந்துவிட்டது. விளக்கிக்கொண்டிருந்த கவுஸ் பாஷா திரும்பினார்.

"இருக்குதும்மா, மேல. பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன ஏசி போட்டாங்க. வெள்ளிக்கிழமைல பெரியவங்க நெறைய வர்றாங்க, வெக்க தாங்கல. கும்மட்டம் தெறந்து இருந்தா குளிர் நிக்காதுன்னு சீலிங் அடிச்சிட்டாங்க. நான் செயலாளரா வந்து நாலு வருஷந்தான்."

"நீங்க அத்தப் பாத்துக்கீறீங்களா? உள்ளேர்ந்து?"

அவரும் நிமிர்ந்து பலகைகளைப் பார்த்தார். "பாத்திருப்பேன். தொழ வந்தா எங்க நிமிந்து பாக்குறோம்? நெனப்பு இல்ல."

"நான் பாத்துக்கீறேன். நான் அங்க வேல செஞ்சவ."

இப்போது எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அஞ்சலைக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. ஆனால் கை தானாக மேலே போயிற்று.

"கீழ நாலு சொவுரும் சதுரமா வரும். மேல கும்மட்டம் வட்டம். சதுரத்து மேல வட்டத்த எப்டி ஒக்கார வெக்கிறது? அதுக்கு நாலு மூலையிலயும் சின்னதா வளைவு கட்டிக்கீறாங்க. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிகினே போவும். கீழ நாலு மூல, அப்பால எட்டு மூல, அப்பால பதினாறு. இன்னும் மேல போனா மூலையே இல்ல. எங்க போச்சுன்னே தெரியாது, வட்டமாயிடும். உச்சியில ஒரு தாமரப்பூ. பதினாறு எதழு. எங்க கொத்தனாரு ஒரு எதழு புச்சா பண்ணி வெச்சாரு. அதுக்குச் சுண்ணாம்பு நான்தான் குடுத்தேன்."

கண்ணாடி போட்ட ஓர் இளைஞன், புது ஃப்ளாட்டுக்காரன், மேலே பலகைகளை வெறித்துப் பார்த்தான். "இதுக்கு மேலயா அதெல்லாம் இருக்கு?" என்றான்.

கவுஸ் பாஷா தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "ஏசி மெக்கானிக் ஏறுறதுக்கு நடுவுல ஒரு பலகை கழட்டுற மாதிரி இருக்கு. ஏணியும் இருக்கு. ஆனா நீங்க இந்த வயசுல..." என்றார்.

"சாரத்துல ஏறுன காலு இது."

அலுமினிய ஏணியைக் கொண்டுவந்து விரித்தார்கள். ரேஷ்மா தன் போனில் டார்ச்சைப் போட்டுக் கையில் கொடுத்தாள். அஞ்சலை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். முட்டி வலித்தது. ஏழாவது படியில் பலகையைத் தள்ளி நகர்த்தித் தலையை உள்ளே விட்டாள்.

இருட்டு. தூசி. வெள்ளிக் காகிதம் சுற்றிய குழாய்கள் பாம்பு போல வளைந்து கிடந்தன. வெளிச்சத்தை மேலே திருப்பினாள்.

இருந்தது. மூலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, எட்டாகி, பதினாறாகி, வட்டத்தில் கரைந்தன. ஒட்டடை படிந்திருந்தது. ஆனால் ஒரு விரிசல்கூட இல்லை. அவர்கள் பூசிய பூச்சு அப்படியே இருந்தது. உச்சியில் தாமரை. அன்றைக்குப் பலகையில் படுத்துக்கொண்டு ஒரு கை தூரத்தில் பார்த்தது, இப்போது வெகு உயரத்தில், நட்சத்திரம் போல. இனி அதைத் தொட முடியாது. அவள் அப்படியே நின்றாள். கழுத்து வலித்தும் குனியவில்லை.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "சுதா."

ஒன்றும் வரவில்லை. குழாய்களுக்குள் காற்று இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பெயர் எங்கோ போய்விட்டது. இன்னொரு முறை சொன்னாள். இல்லை.

அவள் கீழே குனிந்தாள். "ஐயா, இந்த ஏசிய கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன்."

யாரோ ஸ்விட்சைத் தட்டினார்கள். ஒவ்வொன்றாக நின்றன. கூடம் நிசப்தமாகிவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்போது அவள் எது சொன்னாலும் கீழே முப்பது பேருக்கும் கேட்கும். முப்பத்திரண்டு வருஷமாக அந்தப் பெயர் இந்தக் கும்மட்டத்தைத் தவிர யார் காதிலும் விழுந்ததில்லை. இறங்கிவிடலாமா என்று யோசித்தாள்.

பிறகு, குழந்தையை வாசலிலிருந்து வீட்டுக்குள் கூப்பிடுவது போல, வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

"சுதா!"

போயிற்று. வட்டமாகச் சுற்றி வந்தது. முன்பு போல நிறைவாக இல்லை. அடியில் பலகை அடித்திருந்ததால் பாதி அடைபட்டு, சன்னமாக, கம்மிய குரலில் வந்தது. ஆனால் வந்தது. கடைசி எழுத்து நீண்டு, தாமரைக்கு அருகில் கொஞ்ச நேரம் தங்கி, அடங்கியது. அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டு அது முழுதும் அடங்கும்வரை கேட்டாள். இன்னொரு தடவை கூப்பிட ஆசையாக இருந்தது. கூப்பிடவில்லை.

கீழே இறங்கியபோது முகமெல்லாம் தூசி. கன்னத்தில் மட்டும் ஈரமாக இரண்டு கோடுகள். ரேஷ்மா தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

"சுதா யாருக்கா?"

"என் பொண்ணு."

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா? சொன்னதே இல்லையே."

"இருந்துச்சு. எட்டு மாசம்."

ரேஷ்மா துடைத்துக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை. கவுஸ் பாஷா தொப்பியை அழுத்திப் போட்டுக்கொண்டு, அதே ஏணியில் ஏறினார். இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டார். வெகுநேரம் அவர் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. இறங்கி வந்தபோது தொப்பியில் ஒட்டடை ஒட்டியிருந்தது.

"ஜமாஅத்துல பேசிப் பார்க்குறேன். நடுப்பலகைங்கள மட்டுமாவது எடுத்துட்டுக் கண்ணாடி போட முடியுமான்னு கேக்குறேன். ஒத்துக்குவாங்களான்னு தெரியல" என்றார். அப்புறம் தொப்பியைத் தட்டிக்கொண்டே, "இன்னொரு சர்பத் சாப்பிடுங்கம்மா" என்றார்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரன் இரண்டு தடவை ஏறினான். பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியதும் பலகையை மூடி, ஏசியைப் போட்டார்கள். அஞ்சலை முற்றத்தில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் திரும்பும்போது அவள் கலசத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள். அதற்குள் சிக்னல் விழுந்து பஸ் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. கஜபதி சோறு வைத்துவிட்டு அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் சேலையில் படிந்த தூசியைப் பார்த்தான்.

"இன்னாமே இது? எங்க போய் உழுந்த?"

"பள்ளிவாசலுக்குப் போனேன். அப்போ சுண்ணாம்பு வேல செஞ்சேனே, அங்க."

அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அங்க சுதாவக் கூப்ட்டேன்" என்றாள்.

குக்கர் ஒரு விசில் அடித்தது. கஜபதி எழுந்து அடுப்பைக் குறைத்தான். திரும்பவும் உட்காராமல், அடுப்பைப் பார்த்தபடியே நின்றான்.

"அதுக்குக் காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருந்துச்சில்ல?" என்றான்.

அஞ்சலை நிமிர்ந்தாள். மச்சம். அவளுக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. அவன் சொன்ன பிறகுதான், எண்ணெய் தேய்த்த சின்னத் தலையும், மடல் மடிந்த காதும், அதன் பின்னால் எள் அளவு கறுப்பும் கண்ணுக்கு வந்தன.

"எடது காது" என்றாள்.

"இல்ல. சோத்துக் கைப்பக்கம். நான் தோள்ள போட்டுக்கினா என் மூஞ்சிக்கு நேரா வரும்."

"எடதுதான்யா. பால் குடிக்கும்போது நான் பாத்துகினே இருப்பேன்ல."

"உனக்குத் தெரியாதும்மே. வலதுதான்."

ஒரு போட்டோகூட இல்லை. எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வழியில்லை. அவன் தன் தோளில் கையை வைத்து, குழந்தையின் தலை எப்படிச் சாய்ந்திருக்கும் என்று காட்டினான். அவள் மடியில் முழங்கையை வளைத்து, இல்லை, இப்படி என்று காட்டினாள். சோறு வெந்து, இறக்கி, ஆறிய பிறகும் அவர்கள் இடதா வலதா என்று பேசிக்கொண்டேயிருந்தார்கள்.